அச்சடிக்காத நாட்களை முதலில் எண்ணுங்கள்

எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாடல்களின் பெயரோடுதான் வருவார்கள். நிமிடத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), வைஃபை இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு முறை பிரிண்ட் எடுத்தபின் அடுத்த பிரிண்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும்?

மாதத்துக்கு நூறு பக்கம் அச்சிடும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் பிள்ளைகளின் பாடத்துக்காகத் தினமும் மூன்று நான்கு தாள் ஓடுகிறது. இன்னொரு வீட்டில் மாதக் கடைசியில் ஒரே நாளில் நூறு தாளையும் எடுத்துவிட்டு, மற்ற நாட்களில் பிரிண்டரை மூடி வைத்துவிடுகிறார்கள். பக்கக் கணக்கு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனாலும் முதல் வீட்டில் ஐந்தாண்டு நன்றாக ஓடக்கூடிய அதே பிரிண்டர் இரண்டாவது வீட்டில் ஓராண்டுக்குள் மக்கர் பண்ணலாம்.

காரணம் எளிமையானது. இங்க்ஜெட் பிரிண்டருக்குள் இருப்பது திரவம். லேசர் பிரிண்டருக்குள் இருப்பது தூள். திரவம் காய்ந்துபோகும். தூளுக்கு அந்தக் கவலை கிடையாது. வீட்டுப் பிரிண்டர்கள் அதிகம் உழைத்துக் கெடுவதைவிட, சும்மா கிடந்து கெடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விளம்பரத்திலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிடும் பக்கங்களைப் பற்றித்தான் பேச்சு. அச்சிடாத நாட்களைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இருக்காது. அதனால் அந்தக் கணக்கை நாம்தான் போட்டாக வேண்டும்.

துளி

1977இல் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சியடித்தது. அங்கே பொறியாளராக இருந்த இச்சிரோ எண்டோ அதிலிருந்து ஒரு அச்சு முறையையே வளர்த்தெடுத்தார். மையை ஒரு கணம் சூடாக்கினால் குமிழி உண்டாகும். அந்தக் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளும். ஏறக்குறைய அதே காலத்தில் எச்பியும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தது. எப்சன் வேறு பாதையில் போனது. அதன் பிரிண்டர்களில் சூடு கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் வளைகிற பீசோ படிகம் ஒன்று மையை அழுத்தித் தள்ளுகிறது.

எந்த முறையானாலும் வெளியே வரும் துளியின் அளவு சில பிகோலிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர். அவ்வளவு சிறிய துளியை உமிழ வேண்டுமென்றால் துளையும் தலைமுடியைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். பிரிண்ட் ஹெட் எனப்படும் பாகத்தில் இப்படி நூற்றுக்கணக்கான துளைகள் வரிசையாக இருக்கின்றன. துளை வாயில் நிற்கும் மையிலிருந்து நீர் ஆவியானால் மிச்சமிருக்கும் சாயம் கெட்டிப்பட்டு வழியை அடைத்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நாசில் செக் என்ற பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். கருப்பு, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என நான்கு கட்டங்களில் சின்னஞ்சிறு கோடுகள் படிக்கட்டு போல இறங்கும். ஒவ்வொரு கோட்டுத் துண்டும் குறிப்பிட்ட துளைகளின் வேலை. நன்றாக இருக்கும் ஹெட்டில் ஒரு படிகூட விடுபடாது. மூன்று வாரம் சும்மா இருந்த பிரிண்டரில் மஞ்சள் கட்டத்தில் நாலைந்து படிகள் காணாமல் போயிருக்கலாம். கருப்பில் ஒரு கோடு பாதியில் நின்றிருக்கலாம். எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு ஓடுவது இதனால்தான்.

இதைச் சரிசெய்ய பிரிண்டரே வைத்திருக்கும் வழி ஹெட் கிளீனிங். துளைகள் வழியாக மையை உறிஞ்சி வெளியே இழுத்து அடைப்பை நீக்குகிறது. இழுத்த மை எங்கே போகிறது? பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சுக்கு. காசு கொடுத்து வாங்கிய மை ஒரு எழுத்துகூட அச்சாகாமல் கழிவுப் பஞ்சில் போய்ச் சேருகிறது. பல நாள் சும்மா இருந்துவிட்டு ஆன் செய்யும்போது சில பிரிண்டர்கள் நம்மைக் கேட்காமலேயே இதைச் செய்யும். பஞ்சு நிரம்பிவிட்டதாக உள்கணக்கு சொன்னால் பிரிண்டர் அச்சிடவே மறுத்துவிடும். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தப் பஞ்சு, மெயின்டெனன்ஸ் பாக்ஸ் என்ற பெயரில் நாமே கழற்றி மாற்றும்படி வருகிறது. பழைய வடிவமைப்பில் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாங்குமுன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விகளில் இதுவும் ஒன்று. ஆனால் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு: ஹெட் எங்கே இருக்கிறது? எச்பி, கேனன் ஆகியவற்றின் சிறிய மாடல்கள் பலவற்றில் ஹெட், மை நிரப்பிய கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வரும். மை விலை கூடுதல்தான். ஆனால் ஹெட் அடைத்துக்கொண்டால் புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டதும் புது ஹெட் கிடைத்துவிடும். எப்சன், பிரதர் இங்க்ஜெட்களில் ஹெட் பிரிண்டரோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. மை மலிவாக இருக்கும். ஹெட் போனால் செலவு பெரிது. எப்போதாவது அச்சிடுகிறவர் இங்க்ஜெட்தான் வேண்டும் என்று நின்றால், கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் இருக்கும் மாடலைத்தான் நான் சொல்வேன். மையின் விலையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கும்போது இந்த இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள்.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் இரண்டு பழக்கங்களைக் கைக்கொண்டால் போதும். வாரம் ஒருமுறையாவது எல்லா நிறமும் உள்ள ஒரு தாளை அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானை அழுத்தி அணையுங்கள். அப்படி அணைக்கும்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். காற்றுப் படாமல் ஈரம் காக்கப்படும். அச்சாகிக்கொண்டிருக்கும்போதே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும். அடைப்பு வந்துவிட்டால் ஹெட் கிளீனிங்கை இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ச்சியாக ஓட்ட வேண்டாம். சில மணி நேரம் விட்டு மறுபடி முயன்றால் மையே அடைப்பை ஊறவைத்து இளக்கிவிடும்.

மையின் வகையையும் சொல்லிவிட வேண்டும். சாய மை தண்ணீரில் கரைந்திருக்கும். நிறம் பளிச்சென்று இருக்கும். ஈர விரல் பட்டால் கலங்கும். பிக்மெண்ட் மையில் நிறத்துகள்கள் மிதந்துகொண்டிருக்கும், தாளின் மேற்பரப்பிலேயே தங்குவதால் எழுத்து கூர்மையாக விழும், தண்ணீரைத் தாங்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் மங்காது. பல வீட்டு மாடல்களில் கருப்பு மட்டும் பிக்மெண்ட், மற்றவை சாயம். நான்குமே சாயமாக இருக்கும் மாடல்களும் உண்டு. ஒப்பந்தம், சான்றிதழ், விண்ணப்பம் என்று பத்திரமாக வைத்திருக்க வேண்டிய தாள்களை அச்சிடுகிறவர்கள், கருப்பு மை பிக்மெண்ட்தானா என்று உறுதி செய்துகொண்ட பிறகு வாங்க வேண்டும்.

தூள்

லேசர் பிரிண்டரின் வேர் லேசரைவிடப் பழையது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பவர், கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைத் தேய்த்து நிலைமின்னூட்டம் ஏற்றினார். எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார். பிறகு லைக்கோபோடியம் என்ற செடித் தூளைத் தூவி ஊதினார். ஒளி படாத இடத்தில் மட்டும் தூள் ஒட்டியது. அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் தூளால் எழுதப்பட்டுத் தெரிந்தன. அவர் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்கு நகல் எடுப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது நன்றாகத் தெரிந்தவர். ஜெராக்ஸ் இயந்திரம் அதிலிருந்துதான் பிறந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் கண்ணாடித் துண்டின் இடத்தில் லேசர் கதிரை வைத்தார். 1977இல் ஜெராக்ஸ் 9700 சந்தைக்கு வந்தது. மேசைமேல் வைக்கும் அளவுக்கு அதைச் சிறிதாக்கியது கேனன் உருவாக்கிய இயந்திரப் பகுதி. அதைக் கொண்டு எச்பி 1984இல் லேசர்ஜெட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 8 பக்கம், 300 டிபிஐ.

இன்றைய லேசர் பிரிண்டரிலும் அதே வேலைதான் நடக்கிறது. டிரம் என்ற உருளையில் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. லேசர் அதில் எழுத்தை வரைகிறது. வரைந்த இடத்தில் டோனர் தூள் ஒட்டித் தாளுக்கு இடம் மாறுகிறது. கடைசியில் ஃப்யூசர் என்ற சூடான உருளை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் அந்தத் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. டோனர் என்பது பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். லேசர் பிரிண்ட் கைக்கு வரும்போது வெதுவெதுப்பாக இருப்பதும், தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாததும் இதனால்தான்.

தூளுக்குக் காயும் பேச்சே இல்லை. ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்துவிட்டு ஆன் செய்தாலும் முதல் பக்கமே சுத்தமாக வரும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை என்று அச்சிடும் வீட்டுக்கும், பக்கங்கள் குறைவாக இருந்தாலும், கருப்பு வெள்ளை லேசரே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. அதிகம் அச்சிடுகிறவர்களுக்குத்தான் லேசர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குறைவாக அச்சிடுகிறவர்களுக்கு அது இன்னும் பொருத்தம். ஆண்டுக்கு இருபது முப்பது பக்கம்தான் தேவை என்றால் எந்தப் பிரிண்டரும் வேண்டாம். பக்கத்துக் கடையில் எடுத்துக்கொள்வதே மேல்.

லேசரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சூடாக்குவதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். அச்சிடும்போது பல நூறு வாட் இழுக்கும், தொடக்கத்தில் ஒரு கணம் அதைவிடவும் அதிகம். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் செருகக் கூடாது. இங்க்ஜெட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடத்தில் பேட்டரியில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இதுவே முடிவைத் தீர்மானித்துவிடும். அச்சிடும்போது நுண்துகள்கள் வெளிவருவதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மாடலுக்கு மாடல் அளவு மிகவும் வேறுபட்டது. படுக்கையறையிலோ காற்றோட்டமில்லாத மூலையிலோ வைக்காமல் இருப்பது நல்லது.

டிரம் விஷயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் டிரம்மும் டோனரும் ஒரே கார்ட்ரிட்ஜ். சிலவற்றில் டிரம் தனி. பல டோனர் மாற்றிய பிறகு ஒருமுறை அதையும் மாற்ற வேண்டும். தனியாக இருந்தால் நீண்ட ஓட்டத்தில் லாபம், ஆனால் அந்தச் செலவு ஒருநாள் வந்தே தீரும். தாளில் ஒரு கரும்புள்ளி மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுகிறதா? ஏதோ ஒரு உருளையில் காயமோ அழுக்கோ இருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளி உருளையின் சுற்றளவுக்குச் சமம். ஸ்கேல் வைத்து அளந்து, டிரம்மா ஃப்யூசரா என்று சர்வீஸ் செய்பவர் உடனே சொல்லிவிடுவார்.

கலர் லேசரில் டோனர் நான்கு, அதற்கேற்ப எடையும் இடமும் செலவும் கூடுதல். அலுவலக வரைபடம், அறிக்கை, அட்டவணைக்கு நன்றாக இருக்கும். புகைப்படத்துக்கு இங்க்ஜெட் பக்கத்தில் அதனால் வர முடியாது. வீட்டுக்குக் கலர் லேசர் தேவைப்படும் சந்தர்ப்பம் அபூர்வம்.

டேங்க் வந்த கதை

கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் பல நாடுகளில் மக்கள் தாங்களாகவே பிரிண்டருக்கு வெளியே மைக் குடுவைகளை வைத்து, மெல்லிய குழாய் இழுத்துக் கார்ட்ரிட்ஜில் இணைத்துக்கொண்டார்கள். இந்தோனேசியாவில் இது பெருவழக்காக இருந்தது. எப்சன் அதைப் பார்த்து, தானே டேங்க் வைத்த பிரிண்டரை 2010இல் அதே இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பயனாளர்கள் கைவேலையாகச் செய்துகொண்ட ஒரு ஏற்பாடு ஒரு தொழிலின் போக்கையே மாற்றியது. 2022இல் எப்சன் ஒரு படி மேலே போய், 2026க்குள் லேசர் பிரிண்டர் விற்பனையையே நிறுத்திவிடப் போவதாக அறிவித்தது. சூடாக்கத் தேவையில்லாத இங்க்ஜெட்டே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது அதன் வாதம்.

டேங்க் பிரிண்டரில் ஒரு செட் பாட்டில் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு வரும். தினமும் அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை கலரில் அச்சிடும் வீட்டுக்கும், டியூஷன் மையத்துக்கும், சிறு கடைக்கும் இதைவிட மலிவான வழி இன்று இல்லை. ஆனால் டேங்க் என்பது மையைச் சேமிக்கும் இடம் மட்டுமே. ஹெட் அதே ஹெட்தான். சும்மா இருந்தால் அதே மாதிரிதான் அடைத்துக்கொள்ளும். மை மலிவு என்று கேள்விப்பட்டு, மாதம் ஒருமுறை அச்சிடுகிறவர் டேங்க் பிரிண்டர் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பாட்டிலில் மை முக்கால்வாசி இருக்கும்போதே ஹெட் போய்விடும். இன்னொன்று: மை ஊற்றிய டேங்க் பிரிண்டரைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வீடு மாறக் கூடாது. உள்ளே சிந்தினால் பழுது பெரிதாகிவிடும்.

பக்கத்துக்கு என்ன செலவு

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை சும்மா போட்டது அல்ல. கருப்பு வெள்ளை டோனருக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19752, கலர் இங்க்ஜெட்டுக்கு 24711 என்று உலகத் தர அளவுகள் இருக்கின்றன. டோனர் கணக்கில் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீதப் பரப்பு மட்டுமே அச்சு விழுகிறது. சாதாரணக் கடிதம் அந்த அளவில்தான் இருக்கும். பக்கம் முழுக்கப் படமோ கருப்புப் பின்னணியோ இருந்தால் அந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். இங்க்ஜெட்டில் இன்னொன்றும் உண்டு. தொடர்ச்சியாக அச்சிட்டுத்தான் இந்தப் பரிசோதனை நடக்கிறது. இடையிடையே நாட்கணக்கில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஹெட் கிளீனிங் ஓட்டும் வீட்டில் அந்த எண்ணிக்கை வராது. அச்சடிக்காத நாட்கள் குடிக்கும் மைக்கு எந்தப் பெட்டியிலும் கணக்கு இல்லை.

மூன்றாண்டுக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் 100 பக்கம் என்றால் மொத்தம் 3,600. ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 120 பக்கம் என்றால் 30 கார்ட்ரிட்ஜ் வேண்டும். 1,500 பக்க டோனர் என்றால் மூன்று போதும். டேங்க் பிரிண்டரில் 4,500 பக்கம் வரும் கருப்பு பாட்டில் என்றால் ஒன்றே போதும், மையும் மிச்சமிருக்கும். இந்த எண்ணிக்கையை அந்தந்த விலையால் பெருக்கி, பிரிண்டர் விலையைக் கூட்டுங்கள். கடையில் மலிவாகத் தெரிந்த பிரிண்டர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவதைப் பல தடவை பார்ப்பீர்கள். கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: புதுப் பிரிண்டரோடு வரும் டோனரும் கார்ட்ரிட்ஜும் பல மாடல்களில் அரைகுறையாக நிரப்பப்பட்டவை. ஸ்டார்ட்டர் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கருப்பு எழுத்து மட்டும் அச்சிட்டாலும் கலர் மை குறைவதைப் பலர் கவனித்திருப்பார்கள். சில அமைப்புகளில் கருப்போடு கலரும் கலக்கப்படுகிறது. ஹெட் கிளீனிங்கிலும் எல்லா நிறமும் செலவாகிறது. ஒரு நிறம் தீர்ந்தால் கருப்பையும் அச்சிட மறுக்கும் மாடல்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டதை வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிப்

பிரிண்டரைக் குறைந்த லாபத்தில் விற்று, மையிலும் டோனரிலும் சம்பாதிப்பது இந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கம். அந்த வருமானத்தைக் காக்கத்தான் கார்ட்ரிட்ஜில் சிப் வைக்கிறார்கள். 2016 செப்டம்பரில் எச்பியின் ஆபீஸ்ஜெட் மாடல்கள் சிலவற்றில் வேறு நிறுவனக் கார்ட்ரிட்ஜ்கள் ஒரே நாளில் வேலை செய்யாமல் நின்றன. பிரிண்டருக்குள் இருந்த ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள்தான் அவற்றைத் தடுத்தது. எதிர்ப்பு எழுந்தபின் அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை நிறுவனம் தனியாகத் தந்தது; ஆனால் அந்த முறையைக் கைவிடவில்லை. மறுபக்கம், பயன்படுத்திய டோனரை மறுபடி நிரப்பி விற்பதை எதிர்த்து லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது: ஒரு பொருளை விற்றுவிட்டால் அதன்மீது விற்றவரின் காப்புரிமைப் பிடி முடிந்தது என்று. சட்டம் அனுமதித்தாலும் சிப் அனுமதிக்காமல் இருக்கலாம் என்பதுதான் வாங்குகிறவருக்கான பாடம்.

மாதச் சந்தாவில் மை அனுப்பும் திட்டங்களும் இதே வகை. ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு அச்சிடுகிறவருக்கு லாபமாக இருக்கலாம். ஆனால் சந்தாவை நிறுத்தினால், மை மிச்சமிருந்தாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ் அச்சிடாது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் நம் மேசையில் இருந்துகொண்டே வேறொருவர் சொல்லுக்குக் காத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிரிண்டரால் இப்படி மனம் வெதும்பியவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். எம்ஐடி ஆய்வகத்தில் ஜெராக்ஸ் கொடுத்த லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோருக்கும் தெரிவிக்கும்படி மென்பொருளைத் திருத்த விரும்பினார் அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் கிடைக்கவில்லை. யாரும் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருளுக்கான கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அவரைத் தள்ளிய அனுபவங்களில் அதுவும் ஒன்று.

வாங்குமுன் அந்த மாடலுக்கு இணக்கமான கார்ட்ரிட்ஜ் வெளியே கிடைக்கிறதா, ஃபர்ம்வேர் தானாக மாறுவதை நிறுத்த முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பும் நிறுவனக் கணக்கும் இல்லாமல் அச்சிட முடியுமா என்பதும் முக்கியம். இணையம் வழியே அச்சிட உதவிய கூகுள் கிளவுட் பிரிண்ட் சேவை 2020 டிசம்பர் 31உடன் மூடப்பட்டபோது அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் மாற்று வழி தேட வேண்டியிருந்தது. ஐபோனுக்கு ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா ஆகிய இரண்டும் இருந்தால் தனிச் செயலி இல்லாமலே போனிலிருந்து அச்சிடலாம். யுஎஸ்பி இணைப்பும் இருந்துவிட்டால் நிம்மதி. வைஃபை பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். புது ரவுட்டரில் பிரிண்டர் சேரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

டிபிஐ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எழுத்துக்கு 600 போதும். ஸ்கேனுக்கு 300 போதும். 4800 போன்ற எண்கள் புகைப்படத்தில் துளிகளை எவ்வளவு நுணுக்கமாக வைக்க முடியும் என்பதைச் சொல்கின்றன. கடிதம் அச்சிடுகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

அலுவலகம் என்றால்

அலுவலகத்தில் பிரிண்டர் சும்மா இருக்கும் பிரச்சினை குறைவு. அங்கே நெருக்கடி வேறு மாதிரி: பத்து பேர் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள், அவசரத் தாள் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

விவரக்குறிப்பில் மாதாந்திர டூட்டி சைக்கிள் என்று ஒரு பெரிய எண் இருக்கும். ஒரு மாதத்தில் அதிகபட்சம் தாங்கும் அளவு அது. மாதாமாதம் அவ்வளவு ஓட்டலாம் என்று அர்த்தம் கிடையாது. பரிந்துரைக்கப்படும் மாதப் பக்க அளவு என்று தனியாக ஒன்று போட்டிருப்பார்கள்; அதைவிடப் பல மடங்கு சிறியது. உங்கள் தேவை அந்தச் சிறிய எண்ணுக்குள் அடங்க வேண்டும். வேகத்திலும் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதைவிட, முதல் பக்கம் வர எத்தனை நொடி என்பதைப் பாருங்கள். அலுவலகத்தில் அனுப்பப்படும் வேலைகளில் பல ஒன்றிரண்டு பக்கம்தான். உறக்க நிலையிலிருந்து எழுந்து சூடாகும் நேரமே அங்கே உண்மையான காத்திருப்பு.

பெரிய இயந்திரம் ஒன்றா, சிறியது இரண்டா என்று கேட்டால், பத்துப் பேருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரே மாடலில் நடுத்தரக் கருப்பு வெள்ளை லேசர் இரண்டு வாங்கச் சொல்வேன். ஒன்று பழுதானால் வேலை நிற்காது. டோனரும் இரண்டுக்கும் பொது. கலர் தேவைக்குத் தனியாக ஒரு டேங்க் பிரிண்டர் வைத்தால் போதும். தினமும் கொஞ்சமாவது அதில் ஓடட்டும். எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தில் அடைத்த பெரிய மல்டிஃபங்ஷன் அழகாகத்தான் இருக்கும். அது நின்றால் அலுவலகமே நிற்கும்.

ஸ்கேன் அதிகம் இருக்கும் இடத்தில் தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஏடிஎஃப் கட்டாயம். அதிலும் இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் படிப்பதாக இருந்தால் நேரம் பாதியாகும். தானாக இருபுறமும் அச்சிடும் டூப்ளெக்ஸ் வசதி தாள் செலவைக் குறைக்கும். சம்பளப் பட்டியல், மருத்துவ அறிக்கை போன்றவை அச்சாகும் இடத்தில், இயந்திரத்தின் முன் நின்று ரகசிய எண்ணைத் தட்டினால்தான் தாள் வெளியே வரும் வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

கார்பன் தாள் வைத்த பில்லும் லாரி ரசீதும் எழுதுகிற இடத்தில் டாட் மேட்ரிக்ஸுக்கு இன்றும் மாற்று இல்லை. ஊசி தாளை அடிப்பதால்தான் அடியில் இருக்கும் பிரதிகளிலும் எழுத்து விழுகிறது; லேசரும் இங்க்ஜெட்டும் தாளை அடிப்பதே இல்லை. லேபிளுக்கும் கடை ரசீதுக்கும் தெர்மல் பிரிண்டர் நல்லது, மை செலவே கிடையாது. ஆனால் சாதாரணத் தெர்மல் தாளில் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய ரசீதுகளை உடனே ஸ்கேன் செய்து வையுங்கள்.

அடிக்கடி தாள் சிக்குகிறது என்று பிரிண்டரைக் குறை சொல்வதற்கு முன் தாளைப் பாருங்கள். ஈரத்தை இழுத்த தாள் ஃப்யூசர் சூட்டில் சுருளும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாகப் போகும். ரீமைப் பிரித்தால் மிச்சத்தை உறையோடு மூடி வையுங்கள். ட்ரேயில் போடுமுன் கட்டை விரலால் விசிறிவிட்டுப் போடுங்கள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம் எடை. மிக மெல்லிய தாள் வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்த்தால் இருபுற அச்சில் பின்பக்க எழுத்து தெரியும், சிக்கலும் கூடும்.

பழையதைக் கழிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அலுவலகத்துப் பெரிய ஜெராக்ஸ்-பிரிண்டர்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகலெடுத்த, ஸ்கேன் செய்த ஆவணங்களின் பிம்பம் அதில் தங்கியிருக்கலாம். மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் இருக்கலாம். விற்பதற்கோ வாடகைக்கு விட்டவரிடம் திருப்பிக் கொடுப்பதற்கோ முன் அதன் மெனுவிலிருந்தே தரவுகளை முழுவதும் அழித்துவிடுங்கள். முடியாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டுப் பிரிண்டரில் வைஃபை கடவுச்சொல் பதிந்திருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே கைமாற்றுங்கள். டோனர் கார்ட்ரிட்ஜை வெளிச்சம் படாத பையில் போட்டுத் தனியாகக் கட்டிக் கொடுத்தால், வாங்குகிறவருக்கு டிரம் கெடாமல் போய்ச் சேரும்.